மஞ்சள் பையோடு வந்தவர்: ஒரு விபத்து வழக்கின் முதல் நான்கு வாய்தா

அவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையில் என்ன என்று கேட்டதும் திறந்து காட்டினார். ஒரு லுங்கி, ஒரு துண்டு, பற்பசை, சோப்பு, பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று.

"இன்னைக்கே உள்ள வச்சிருவாங்களா சார்? அதான் எடுத்துக்கிட்டே வந்துட்டேன்."

டெல்டாவில் குட்டி யானை ஓட்டிப் பிழைப்பவர். வயது 42. கடனில் வாங்கிய சொந்த வண்டி. அவர் மேல் இருந்தது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். அதாவது, உரிய பிணை கொடுத்தால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. அது தெரியாமல் ஆறு இரவு தூங்காமல் கிடந்திருக்கிறார். கோர்ட்டிலிருந்து ஒரு தாள் வந்தால் என்ன நடக்கும் என்று எளிய தமிழில் சொல்ல ஆளில்லாததால்தான் இந்த அவதி. அவர் சம்மதத்தோடு, ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, இந்த வழக்கை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நடந்தது

2025 பிப்ரவரி. சம்பா அறுவடை முடிகிற சமயம். எங்கள் பக்கம் அந்த நாட்களில் பாதித் தார் ரோடு களமாகிவிடும். நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லையும் கருவேல முள்ளையும் அடுக்கி வைப்பார்கள். மாலை ஆறரை மணி, வெளிச்சம் மங்கிய நேரம். இடது பக்கம் முழுக்க நெல் கிடந்ததால் இவர் வலப்பக்கமாக ஏறி வந்திருக்கிறார். எதிரே வந்த பைக்கின் ஹேண்டில்பார் குட்டி யானையின் பக்கவாட்டில் உரச, ஓட்டி வந்த இளைஞர் விழுந்துவிட்டார். இவரே தூக்கித் தன் வண்டியில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281, பிரிவு 125(அ). முன்னதற்கு அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, பின்னதற்கு அதனால் காயம் ஏற்படுத்தியது என்று பொருள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று இருந்தவைதான் இவை. அன்றைக்கே ஸ்டேஷன் ஜாமீன் கிடைத்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்ததும் வண்டியும் வந்துவிட்டது. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் முன்னிலையில் அடிபட்டவர் வீட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்து, வெள்ளைத் தாளில் "எங்களுக்குள் சமாதானம்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"அதோட முடிஞ்சதுன்னுதான் சார் நினைச்சேன்."

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நினைப்பது இதைத்தான். ஆனால் போலீஸ் போட்ட வழக்கை நடத்துவது அரசு. அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி. இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகத்தக்க குற்றங்கள் எவை என்று, குற்ற வழக்குகளுக்கான புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. காயம் ஏற்படுத்திய குற்றத்தில், கோர்ட்டின் அனுமதி பெற்று, அடிபட்டவர் சமாதானமாகலாம். அஜாக்கிரதையாக ஓட்டிய 281 அந்தப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் அது ரோட்டில் போகிற எல்லோருக்கும் எதிரான குற்றமாகக் கருதப்படுகிறது. வெள்ளைத் தாள் சமாதானத்தை வைத்து மொத்த வழக்கையும் முடிக்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஜியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி காட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் செலவுக்கு இவரிடம் வசதியில்லை.

சாமி படத்துக்குப் பின்னால்

ஆகஸ்டில் சம்மன் வந்தது. இவர் கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். வீட்டில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியின் பின்பக்கம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போலீஸ்காரர் போய்விட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அரசாங்கத் தாள் என்பதால் பத்திரமாக இருக்கட்டும் என்று மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மகன் மூன்று நாள் கழித்து வந்தபோது மறந்தும் போனார். வாய்தா தேதி தாண்டியது. ஒரு நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து தெரிந்த ஏட்டு போன் செய்து, "உன் மேல பிடிவாரண்ட் இருக்குப்பா, வக்கீலைப் பாரு" என்றார்.

"என் கையில கொடுக்கலையே சார், அம்மாதானே வாங்கினாங்க" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. 2024 ஜூன் மாதம் வரை அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. 1973-ஆம் ஆண்டின் பழைய நடைமுறைச் சட்டம், ஆள் கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள வயது வந்த ஆணிடம் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் 66-ஆம் பிரிவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. இந்த மாற்றம் சரியானது. வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தால் செல்லாது என்று ஒரு சட்டம் இத்தனை காலம் இருந்ததே தவறு. ஆனால் இந்த மாற்றம் நடந்தது வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டாமா? இப்போது அம்மா வாங்கினாலும், மனைவி வாங்கினாலும், வயது வந்த மகள் வாங்கினாலும் சம்மன் சேர்ந்ததாகத்தான் கணக்கு. தாளை வாங்கியவர் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டால் போதும், பிடிவாரண்ட் வரை போகாது.

கையெழுத்துப் போடப் பயந்து சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பின்பக்கம் போடும் கையெழுத்து, தாள் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டதாக அதற்கு அர்த்தமில்லை. வீட்டில் ஆளே இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டும் போகலாம், அதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

சம்மனை அவர் என் மேசையில் வைத்தபோது மடிப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது. அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியவை சில உண்டு. எந்த நீதித்துறை நடுவர் கோர்ட், வழக்கு எண் என்ன, எந்தத் தேதி, கோர்ட் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா, அப்புறம் நம்மைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, குற்றம் சாட்டப்பட்டவராகவா. இந்தக் கடைசி விஷயத்தைப் பார்க்காமலேயே ஜாமீன்தாரரைத் தேடி அலைந்த ஒரு சாட்சியை எனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் கொடுக்கும் விசாரணை நோட்டீஸ் வேறு, கோர்ட் அனுப்பும் சம்மன் வேறு. இப்போது கோர்ட் முத்திரையின் படத்தோடு சம்மனை மின்னணு வழியிலும் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைச் சாக்காக வைத்துப் போலித் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான வழக்கென்றால் அங்கே இருக்கும். எந்தக் கோர்ட்டும் வழக்கை முடித்துத் தருகிறேன் என்று போனில் பணம் கேட்காது.

இவருடைய சம்மனில் என் கண் போய் நின்றது பிரிவு எண்ணில். எஃப்.ஐ.ஆரில் 125(அ) என்று இருந்தது, சம்மனில் 125(ஆ) ஆகியிருந்தது. பைக்கில் வந்தவருக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் என்று மருத்துவர் காயச் சான்று கொடுத்திருந்தார். எலும்பு முறிந்தாலோ விரிசல் விட்டாலோ சட்டத்தில் அது கொடுங்காயம். போலீஸ் பிரிவை மாற்றிக் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டது. சாதாரணக் காயத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம், கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு. பழைய சட்டத்தில் இதே கொடுங்காயத்துக்கு இரண்டு ஆண்டுதான். அந்த ஒரு வருட வித்தியாசம் வழக்கு நடக்கும் முறையையே மாற்றுகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் 'வாரண்ட் வழக்கு' வகையில் போய்விடும். அதில் முறைப்படி குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான், அதாவது இன்ன குற்றம் என்று கோர்ட் எழுதி வாசித்துக் காட்டிய பிறகுதான், விசாரணை. இவரோ பழைய எஃப்.ஐ.ஆர். நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சின்ன கேஸ் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிடிவாரண்டோடு ஒரு காலை

பிடிவாரண்ட் தானாகக் காலாவதி ஆகாது. கோர்ட் ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை, உயிரோடு இருக்கும். நாள் ஆக ஆக மறந்துவிடுவார்கள் என்று நம்பி இருந்தால், என்றோ ஒரு நாள் மகள் நிச்சயதார்த்தத்தன்று வந்து நிற்கும். அப்படி ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நானே போயிருக்கிறேன், இன்னும் மறக்க முடியவில்லை.

போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் தானாக ஆஜரானால் நிலைமையே வேறு. சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பொதுவாக முதலில் சம்மன்தான், வக்கீல் மூலம் ஆஜராகவும் விடலாம். அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் ஜாமீனில் விடமுடியாத வாரண்ட். ஆளைப் பிடிப்பதற்கு முன்பே மனுப் போட்டு, அடுத்த தேதியில் வருவேன் என்று உறுதி கொடுத்தால், அந்த வாரண்டையும் ரத்து செய்யலாம். கீழ்க் கோர்ட்டுகளில் இந்த வரிசை எப்போதும் பின்பற்றப்படுவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். இவருக்கும் முதல் தேதி தவறியதுமே ஜாமீனில் விடமுடியாத வாரண்ட் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை 10 மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதேகாலுக்கே வேப்பமரத்தடியில் நின்றார், பையோடு. பையை அலுவலகத்தில் வைக்கச் சொன்னேன், மனசில்லாமல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிடச் சொன்னேன். போனைச் சைலண்டில் போட்டால் போதாது, அணைத்தே வைக்க வேண்டும். தன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கூண்டருகே நின்று வணக்கம் சொல்ல வேண்டும். பெண் நடுவர் என்றால் அம்மா, ஆண் என்றால் ஐயா. கேட்டதற்கு மட்டும் பதில். அவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது.

பத்தரைக்கு நடுவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதலில் ரிமாண்ட், மனுக்கள், அப்புறம் ஒவ்வொரு வழக்காகக் கூப்பிடுவார்கள். வராந்தாவில் நூறு பேர் நின்றால் அதில் எண்பது பேருக்குத் தங்கள் பெயர் எப்போது வரும் என்று தெரியாது. டவாலி, அதாவது கோர்ட் ஊழியர், வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுவார். கூப்பிடும் நேரத்தில் டீக்கடையில் இருந்தால் அன்றைக்கும் வராதவர்தான். வக்கீல் சொல்லிக் கொஞ்ச நேரம் தள்ளிக் கூப்பிடச் செய்யலாம், ஆனால் எல்லா நாளும் அது நடக்காது. அதனால் என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள், அரை நாளை அங்கே விட்டுவிடத் தயாராக வாருங்கள்.

இவர் பெயர் 11.40-க்கு வந்தது. உள்ளே போனதும் கை நடுங்கியது, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் மனுவைக் கொடுத்தேன். ஏன் வரவில்லை என்று நடுவர் அவரிடமே கேட்டார். அம்மா வாங்கி வைத்ததையும், சாமி படத்தையும், கோயம்புத்தூர் லோடையும் அப்படியே சொன்னார். வெளியே ஒருவர், காய்ச்சல் என்று சொல், சீட்டு நான் வாங்கித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார். நான் கூடாது என்று முன்பே தடுத்திருந்தேன். பொய்ச் சீட்டு பிடிபட்டால் அதுவே தனி வழக்கு. நடுவர் கண்டித்தார், இனி ஒழுங்காக வர வேண்டும் என்றார், வாரண்டை ரத்து செய்து, புதிதாகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜாமீன்தாரராக வந்த தங்கை வீட்டுக்காரர் ஆதார் அட்டையும் வீட்டு வரி ரசீதும் கொண்டுவந்திருந்தார். நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவ்ளோதானா சார்?"

அந்த ஒரு கேள்வி

வாரண்டைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. அன்றைக்கே வராந்தாவில் இரண்டு பேர் அவரிடம் சொல்லியிருந்தார்கள்: "இதுக்குப் போய் வக்கீல் எதுக்கு? குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இரு. ரெண்டாயிரமோ மூவாயிரமோ, ஒரே நாள்ல முடிஞ்சிரும்." அவருக்கும் அதில் ஆசைதான். ஒரு நாள் லோடு போனால் அந்தப் பணம் வந்துவிடும். வாய்தா வாய்தாவாக அலைந்தால் எத்தனை லோடு போகும்?

அவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அபராதம் மட்டும்தான் என்றாலும் தண்டனைதான். மோட்டார் வாகனச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, வாகனத்தை வைத்துச் செய்த குற்றத்தில் தண்டனை கொடுக்கும் கோர்ட், இத்தனை காலத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட முடியும். வண்டியை நம்பிச் சோறு தின்கிறவருக்கு அது மூவாயிரத்தோடு முடிகிற காரியமா? அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாகப் போட்ட வழக்கு ஒன்று ஓடுகிறது. இங்கே ஒத்துக்கொண்டது அங்கே இவர் மேல்தான் தவறு என்பதற்கு ஆதாரமாக வைக்கப்படும். நாளைக்கு வெளிநாட்டு டிரைவர் வேலைக்குப் போகும்போது, தண்டனை உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் எழுத வேண்டும்.

உண்மையிலேயே தவறு செய்தவர் ஒத்துக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். அது அவர் மனசாட்சி. இவரோ தன் மேல் தவறில்லை என்று நம்புகிறவர். அலைச்சலுக்குப் பயந்து, தாளைப் படிக்காமல், செய்யாததாக நினைப்பதைச் செய்தேன் என்று சொல்வதைத்தான் தடுத்தேன்.

மூன்றாவது வாய்தாவில் நகல் கொடுத்தார்கள். ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலம், மற்ற ஆவணங்கள் எல்லாம் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடும் முன் பக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும், படிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவருடைய கட்டில் காயச் சான்றின் ஒரு பக்கம் வெறும் கறுப்பாக இருந்தது. கேட்டு மாற்றி வாங்கினோம்.

அன்று மாலை அவரை உட்கார வைத்து ஒவ்வொரு தாளாக வாசித்துக் காட்டினேன். எஃப்.ஐ.ஆரில் எல்லா விபத்து வழக்கிலும் வருகிற அதே வரிதான்: "வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." ரோட்டில் நெல் கிடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாட்சிகளின் வாக்குமூலத்திலும் இல்லை. கடைசியில் இருந்த, விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடத்தைத் திருப்பியபோது அவர் விரலை வைத்தார். ரோட்டின் இடது பாதியில் பேனாவால் கோடு கோடாகக் கிழித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் "நெல் குவியல்" என்று விசாரணை அதிகாரியே எழுதியிருந்தார். இவர் ஏன் வலப்பக்கம் ஏறினார் என்பதற்கு அந்த இரண்டு சொல்தான் போலீஸ் தரப்புக் காகிதத்திலேயே இருக்கும் சாட்சி. முதல் நாளே ஒத்துக்கொண்டிருந்தால் அந்த வரைபடத்தை யாரும் பார்த்திருக்கப் போவதில்லை.

வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரி மனுப் போட நகல் வாங்கிய நாளிலிருந்து 60 நாள் உண்டு. யோசித்துப் பார்த்துப் போடவில்லை. ரோட்டில் நெல் கிடந்தது, விபத்தும் நடந்தது. யார் கவனமாக வந்தார் என்பது சாட்சி சொல்லித்தான் தெரிய வேண்டிய விஷயம். அந்த மனு தள்ளுபடியாகி நாள்தான் போயிருக்கும்.

நான்காவது வாய்தாவில் குற்றச்சாட்டு வனைந்தார்கள். நடுவர் தமிழில் நிதானமாக வாசித்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ரோடு, எந்த வண்டி, யாருக்குக் காயம். பிறகு கேட்டார்: "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"இல்லைங்கம்மா. நான் மெதுவாத்தான் வந்தேன்."

இரண்டாவது வாக்கியம் தேவையில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டார், பாதகமில்லை. விளக்கம் சொல்லும் நேரம் அதுவல்ல. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நடுவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், அப்போது சொல்லலாம். நம் பக்கம் சாட்சி இருந்தால் கூப்பிடலாம்.

இடையில் வண்டியை வெளியூருக்கு எடுத்துப்போக வேண்டிய ஒரு நாள் வந்தது. வக்கீல் வந்து மனுக் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் வராமல் இருக்கக் கோர்ட் அனுமதிக்கலாம். சட்டம் மாறிப் பிரிவு 355 ஆன பிறகும் நாங்கள் அதை "317 மனு" என்றுதான் சொல்கிறோம். ஒருநாள் முன்னதாகச் சொன்னால்தான் எழுத முடியும். காலை பத்தரைக்கு போன் செய்து "சார், நான் திருப்பூர்ல இருக்கேன்" என்றால் நானும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் அப்படியே போய்க் கூண்டில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். "எனக்கு வக்கீல் வேண்டும், வசதியில்லை" என்று நடுவரிடமே வாய்திறந்து சொல்லலாம். அதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அடிபட்ட தம்பி முதல் சாட்சியாகக் கூண்டேறுகிறார். எலும்பு கூடி, இப்போது பழையபடி பைக் ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் இருவரும் நின்று பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் இவர் அலுவலகத்துக்கு வந்தபோதும் அதே மஞ்சள் பைதான் கையில். உள்ளே லுங்கி இல்லை, நகல் கட்டு இருந்தது. வரைபடம் இருக்கும் தாளை மட்டும் நான்காக மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார்.